2023 லயன்ஸ் சீசன்: டெட்ராய்ட்டில் இருந்தவர்கள் எழுதுங்கள்

கேன்டன், மிச்சிகனிலிருந்து:

கார் கம்பெனி வேலைக்காக டெட்ராய்ட் பக்கம் வந்தவர்கள் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான லயன்ஸைப் பற்றி முதலில் கேள்விப்படுவது 2008 கதையைத்தான். ஆடிய 16 ஆட்டங்களிலும் தோல்வி. அப்படிப்பட்ட அணி 2023-ல் ஊரையே தூக்கி நிறுத்தியது. அந்த சீசனில் உங்களுக்கு வாய்த்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

என் டீமில் ஒரு பெரியவர், டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். 1992 ஜனவரி 5 அன்று போன்டியாக் சில்வர்டோமில் லயன்ஸ் டல்லாஸை 38-6 என்று துவைத்தெடுத்ததை அப்பாவோடு நேரில் பார்த்தவர். அதற்கப்புறம் 2023 சீசன் வரை பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்கள்) ஒரு வெற்றிகூடக் கிடையாது. 2023 செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் கன்சாஸ் சிட்டியை அவர்கள் மைதானத்தில் 21-20 என்று வென்றார்கள். மறுநாள் ஆபீஸே துள்ளியது. அவர் மட்டும் காபியை எடுத்துக்கொண்டு, "நவம்பர் வரட்டும்" என்றார். நவம்பரும் வந்தது. தேங்க்ஸ்கிவிங் அன்று கிரீன் பேயிடம் 29-22 என்று தோற்றார்கள். அவர் பேசவே இல்லை.

டிசம்பர் 24, மினசோட்டாவில் 30-24 என்று வெற்றி. 30 வருடத்தில் முதல் டிவிஷன் (நான்கு அணிப் பிரிவு) பட்டம். அன்று இரவு அவரிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது: விளிம்பெல்லாம் நைந்துபோன நீலத் தொப்பி, உள்பட்டையில் அவர் அப்பாவின் பெயர் பேனாவில் எழுதியிருந்தது.

நோவையிலிருந்து:

அண்ணா, 2024 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸோடு நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு லயன்ஸ் மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் நாங்கள் குடும்பத்தோடு இருந்தோம். ராம்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டு 12 சீசன் லயன்ஸுக்கு ஆடியவர். 2021-ல் அவரை ராம்ஸுக்குக் கொடுத்து, அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய குவாட்டர்பேக் ஜாரெட் காஃபையும், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார்கள். அங்கே போன முதல் சீசனிலேயே ஸ்டாஃபோர்டு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்துவிட்டார். இப்போது அவரே எதிரணியில் வந்து நிற்கிறார்.

அவர் களத்துக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் அவரை எதிர்த்துக் கூச்சலிட்டது. இத்தனை வருடம் உழைத்தவரை இப்படிச் செய்யலாமா என்று என் மனசு கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பாட்டியம்மா, ஸ்டாஃபோர்டின் பழைய 9-ம் எண் சட்டையைத்தான் போட்டிருந்தார். அவரும் சேர்ந்து கத்தினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "நாளைக்கு மறுபடியும் அவன் எங்க பையன்தான், இன்னைக்கு இல்ல" என்றார். அதற்கப்புறம் எனக்கும் உறுத்தல் போய்விட்டது.

கடைசி நிமிடங்களில் லயன்ஸ் 24-23 முன்னிலை. காஃப் பந்தை செயின்ட் பிரவுனுக்கு எறிந்து ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி) எடுத்தார். இனி ராம்ஸுக்குப் பந்தே கிடைக்காது. கூரை மூடிய மைதானம் என்பதால் சத்தம் வெளியேற வழியில்லை, காது அடைத்துப்போனது. "ஜாரெட் காஃப், ஜாரெட் காஃப்" என்று மைதானமே கத்தியது. ஒதுக்கிவிட்டவர்கள் எதிரிலேயே நிற்க, அந்த மனுஷன் பெயரை ஊரே சொல்கிறது! பாட்டியம்மா என் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். பெயர்கூடத் தெரியாது.

சன்னிவேலிலிருந்து:

நான் எதிர்ப்பக்கம், சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் ரசிகர். ஜனவரி 28, சாண்டா கிளாரா, இறுதிக்கு முந்தைய ஆட்டம். எங்கள் வரிசையிலேயே நீலச் சட்டையில் ஒரு அப்பாவும் மகனும். பாதி நேரத்தில் லயன்ஸ் 24-7 முன்னிலை. கடைசியில் 34-31 என்று 49ர்ஸ் ஜெயித்தது. அவர்கள் உடனே எழுந்து போகவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கை கொடுத்து, சூப்பர் பவுலுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எனக்குச் சந்தோஷப்படவே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், லயன்ஸ் கோச் கேம்பல் ஏன் அந்த ஃபீல்டு கோல்களை (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிக்கவில்லை?

கேன்டனிலிருந்து:

எல்லோரும் கேட்டது அதைத்தான். இரண்டு முறை நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், 3 புள்ளிக்குப் போகாமல் முன்னேறப் பார்த்து இரண்டுமே பலிக்கவில்லை. ஆனால் தோற்றது அதனால் மட்டும் இல்லை. கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார்கள். 49ர்ஸின் ஐயுக் பிடித்த அந்த நீளமான பாஸ் நம் ஆட்டக்காரர் ஹெல்மெட்டில் பட்டு எகிறி அவர் கைக்குப் போனது. அடுத்து நம் கிப்ஸ் பந்தை நழுவவிட்டார். சீசன் முழுக்க நான்காவது டவுனில் துணிந்துதானே இந்த அணி இங்கே வந்தது? அன்று மட்டும் மாற்றி ஆடியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

திங்கட்கிழமை பெரியவரிடமும் இதையே கேட்டேன். "அடிச்சிருக்கக் கூடாது, சரியாத்தான் செஞ்சான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய ரசீதைக் காட்டினார்.