விண்டோஸ் 11 நிறுவல் சின்னத்தோடு நின்றுவிடுகிறது: பழைய கோர் 2 டுவோ கணினிகளுக்கு வழி உண்டா?

கேள்வி: தோட்டத்து டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துப் பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஆறு கணினிகள் எங்களுக்குக் கிடைத்து, விண்டோஸ் 10-இல் இதுவரை குறையின்றி ஓடின. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், பள்ளி விடுமுறையில் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிட முயன்றேன்.

ஐந்து கணினிகளில் கோர் 2 டுவோ ஈ8400 செயலியும் 4 ஜிபி நினைவகமும் உள்ளன. ஒன்றில் மட்டும் கோர் ஐ5-2400. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை நிறுவும் கோப்பு ஐந்து ஜிபிக்கும் மேல் என்பதால் திறன்பேசி இணைப்பில் இரண்டு இரவுகள் பிடித்தன. ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு அதை விரலியில் (யூஎஸ்பி பென்டிரைவில்) ஏற்றும்போது, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு உண்டா என்று பார்க்கும் சோதனையை நீக்கும் தெரிவையும் மறக்காமல் குறியிட்டேன். கணினியைத் தொடக்கினால் விண்டோஸ் சின்னம் வருகிறது. அதன் கீழே சுழல வேண்டிய புள்ளிகள் வருவதில்லை. ஒரு முறை நாற்பது நிமிடம் காத்திருந்தும் கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை. புது விரலி வாங்கியும் அதே இடத்தில்தான் நிற்கிறது. அடுத்து எதைச் சோதிப்பது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: கிள்ளான் வாசகர்

வணக்கம் டீச்சர். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தி, விண்டோஸின் அமைப்பு மதிப்புகள் உள்ள ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, 'சிஸ்டம்' பகுதியில் 'செட்டப்' என்பதற்குள் 'லேப்கான்ஃபிக்' என்ற கிளையை உருவாக்கி, அதில் டிபிஎம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காப்பு) ஆகிய இரண்டின் சோதனைகளையும் தவிர்க்கும் மதிப்புகளை 1 என்று இடுங்கள். ரூஃபஸ் செய்யத் தவறியதை இது செய்யக்கூடும்.

டீச்சர்

நன்றி ஐயா. ஆனால் மொழியைக் கேட்கும் அந்தத் திரைக்கே இந்த ஐந்து கணினிகளும் வருவதில்லை. இன்று அதே விரலியை ஐ5 கணினியில் செருகினேன். அதில் நிறுவல் ஒரு தடையும் இன்றி இறுதிவரை போய்விட்டது.

மறுமொழி: ஈப்போவில் கணினி பழுதுபார்ப்பவர்

டீச்சர், விடைக்கு வேண்டிய தடயத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஐ5-இல் ஓடியதால் விரலியிலும் கோப்பிலும் பழுதில்லை. டிபிஎம், செக்யூர் பூட், செயலிப் பட்டியல் ஆகியவற்றைச் சோதிப்பது நிறுவல் மென்பொருள். அது எழுந்து வந்த பிறகுதான் 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று மறுக்க முடியும். ரூஃபஸும் ரெஜிஸ்ட்ரியும் அந்த மறுப்பைத்தான் தவிர்க்கின்றன. உங்கள் கணினியோ, மறுப்பதற்கு அது எழுந்து வருமுன்பே நின்றுவிடுகிறது.

24எச்2 பதிப்பின் உட்கரு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 'பாப்கவுண்ட்' என்ற செயலிக் கட்டளையைப் பயன்படுத்தும்படி தொகுக்கப்பட்டிருக்கிறது. ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ணித் தருவது அதன் வேலை. ஈ8400 செயலி 2008 ஜனவரியில் வந்தது. அதில் எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுதி உண்டு, 4.2-உம் பாப்கவுண்ட்டும் இல்லை. இன்டெல் செயலிகளில் அவை இரண்டும் அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் கோர் ஐ7-இல்தான் சேர்ந்தன. பத்து மாத இடைவெளியில் உங்கள் ஐந்து கணினிகளும் வாய்ப்பை இழந்துவிட்டன என்பதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது. செயலி தான் அறியாத கட்டளையைச் சந்திக்கும் அந்த நேரத்தில் பிழைச் செய்தியைக் காட்ட வேண்டிய பகுதி இன்னும் இயங்கத் தொடங்கியிருக்காது. ஆகவே சின்னம் அப்படியே உறைந்து நிற்கிறது. சோதனையை ஏமாற்றலாம்; சில்லில் இல்லாத கட்டளையை எந்தத் தந்திரத்தாலும் வரவழைக்க முடியாது.

இப்போதுள்ள விண்டோஸ் 10-இல் சிபியூ-இசட் மென்பொருளைத் திறந்து, செயலியின் கட்டளைகள் உள்ள வரியைப் பாருங்கள். அதில் எஸ்எஸ்இ 4.1 இருந்து 4.2 இல்லாவிட்டால் காரணம் இதுவே.

மறுமொழி: கூலிம் வாசகர்

அதற்கு முந்தைய 23எச்2 பதிப்புக்கு பாப்கவுண்ட் தேவையில்லையே? நான் ஒரு கோர் 2 டுவோவில் அதை ஓட்டியிருக்கிறேன்.

ஈப்போ

ஓடும் என்பது உண்மை. ஆனால் ஹோம், புரோ வகைகளுக்கான 23எச்2 புதுப்பிப்புகள் 2025 நவம்பர் 11-உடன் முடிந்துவிட்டன. பாதுகாப்புக்காக மாறுகிறவர், காலாவதியான ஒன்றிலிருந்து காலாவதியான இன்னொன்றுக்குப் போவதில் பயனில்லை. விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை மூச்சுவிடலாம். நிலையான தீர்வாக நான் சொல்வது, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22; அதில் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதற்கு 2 ஜிபி நினைவகம் போதும், பாப்கவுண்ட் தேவையில்லை, 2029 வரை புதுப்பிப்புகள் வரும். ஐ5 கணினி இப்போது விண்டோஸ் 11-இல் ஓடினாலும், தகுதிப் பட்டியலில் இல்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்பு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருப்பதை மனத்தில் வைத்திருங்கள்.

டீச்சர்

சிபியூ-இசட் காட்டிய வரியில் 4.1 இருக்கிறது, 4.2 இல்லை. மின்ட்டை விரலியில் ஏற்றினேன். இரண்டு கணினிகளில் நேராகத் திறந்துவிட்டது. மற்ற மூன்றிலும் தொடக்கப் பட்டியலுக்குப் பின் திரை கறுத்து நிற்கிறது. இதுவும் செயலியால்தானா, ஐயா?

ஈப்போ

செயலி ஐந்திலும் ஒன்றே என்பதால் அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அந்த மூன்றிலும் தனி வரைகலை அட்டை செருகியிருக்கிறதா?

டீச்சர்

ஆம் ஐயா, மூன்றிலும் என்விடியா ஜீஃபோர்ஸ் 8400 அட்டை இருக்கிறது. மற்ற இரண்டிலும் இல்லை.

ஈப்போ

பழைய என்விடியா அட்டைகளில் இது அடிக்கடி நேரும். தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால், 'நோமோட்செட்' என்ற குறிப்போடு, அட்டையின் திரை அமைப்பைத் தானாக மாற்ற முயலாமல் மின்ட் திறக்கும். ஆனால் நிறுவிய பின்னும் அந்தக் குறிப்பை நிலையாகச் சேர்க்க வேண்டிவரும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தாய்ப்பலகையிலேயே திரைக்கான இணைப்பு இருந்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றி, திரையை அங்கே இணைத்துவிடுங்கள். பிள்ளைகளின் பாட வேலைக்கு அந்த அட்டை தேவைப்படாது.

டீச்சர்

மூன்று அட்டைகளையும் கழற்றியதும் மூன்றும் திறந்துவிட்டன! நான்கு கணினிகளில் மின்ட் முழுமையாக ஏறிவிட்டது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். நேற்று மாலையே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் கட்டுரையைத் தட்டச்சு செய்தார்கள். ஐந்தாவது கணினியில் மட்டும் கோப்புகளைப் படியெடுக்கும் கட்டத்தில் நிறுவல் நிற்கிறது. உள்ளே டக், டக் என்று ஒலி கேட்கிறது.

ஈப்போ

அந்த ஒலி வன்தட்டின் சாவுமணி, டீச்சர். மறுபடி நிறுவ முயலாதீர்கள். அதில் பிள்ளைகளின் பழைய கோப்புகள் இருந்தால் உடனே கணினியை அணைத்து, தட்டைக் கழற்றி என்னிடம் கொண்டு வாருங்கள். எடுக்க முடிந்ததை எடுத்துத் தருகிறேன். என்னிடம் 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று சும்மா கிடக்கிறது, அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

டீச்சர்

அணைத்துவிட்டேன், ஐயா. சனிக்கிழமை காலைப் பேருந்தில் ஈப்போவுக்கு வருகிறேன்.