மறுமொழி: கார்டு, ஸ்வீப், அட்வான்டேஜ் – ஜியு-ஜிட்சுப் போட்டிகளுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. தனித்தனியாகப் பதில் போட்டால் எது யாருக்கு என்று குழம்பும். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடல்.

முதலில், இந்தச் சொற்கள் யாருக்கு என்பதை மறுபடி நினைவுபடுத்திவிடுகிறேன். நடுவில் பேச்சு அகராதிப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜியு-ஜிட்சு, அதாவது ஆளைத் தரையில் மடக்கிப் பிடிக்கும் பிரேசில் வழி மல்லாட்டம்; டொராண்டோ பக்கத்து வட்டாரப் போட்டிகளில் நம் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். கூட வரும் அம்மம்மாவும் தாத்தாவும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பலகையில் 2, 3, 4 என்று எண் ஏறுகிறது, எதற்கு ஏறுகிறது என்று புரிவதில்லை. பிள்ளை மல்லாந்து கிடந்தாலே தோற்றுவிட்டது என்று பதறுகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஒரு பக்க விளக்கத்தாள், அவ்வளவுதான் வேலை. ஆகவே நடுவர் எதற்குக் கை தூக்குகிறார் என்பதைச் சொல் காட்ட வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

> கார்டு என்றால் காவல்தானே? ‘காவல்நிலை’ என்று போட்டுவிட்டுப் போகலாம். இதற்கு ஏன் இத்தனை மடல்?

ஐயா, காவல்நிலை என்றதும் தாத்தாவுக்கு நினைவு வருவது காவல் நிலையம். அது போகட்டும். குத்துச்சண்டையில் முகத்துக்கு முன்னால் கைகளைத் தூக்கி வைப்பதும் கார்டுதான். அதற்குக் காவல் பொருந்தும். இங்கே கார்டு என்பது வேறு. ஒருவர் கீழே மல்லாந்தோ உட்கார்ந்தோ இருக்கிறார். எதிராளி மேலே வந்து படிந்துவிடாதபடி கால்களை நடுவில் வைத்துத் தடுக்கிறார். தடுப்பதோடு நிற்பதில்லை: அங்கிருந்தே கழுத்தை நெரிக்கலாம், கையை மடக்கலாம், ஆளைக் கவிழ்க்கலாம். நம் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் இரண்டு தோளும் விரிப்பில் அழுந்தினால் தோல்வி. அதனால்தான் இந்த நிலைக்கு நம்மிடம் பழைய சொல் அகப்படவில்லை. 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்த ஜப்பானிய வீரர் மிட்சுயோ மயேடா கொண்டுபோன ஜூடோவின் தரைப்பிடிகளை அங்கிருந்த கிரேசி குடும்பத்தார் எடுத்து வளர்த்த பிறகுதான், கீழே கிடப்பவரும் சண்டையை நடத்தலாம் என்ற எண்ணம் இவ்வளவு பெரிதானது.

வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘கால்பூட்டு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூடவே கூடாது. கணுக்காலையும் முழங்காலையும் முறுக்கும் பிடிகளுக்கு அந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும். சர்வதேச ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பின் (IBJJF) விதிப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அப்படிப்பட்ட பிடியைப் போடவே கூடாது. விளக்கத்தாளைப் படித்த அப்பா ஓரத்தில் நின்று “கால்பூட்டுப் போடு” என்று கத்தி, பிள்ளையும் கேட்டுத் தொலைத்தால் என்ன ஆகும்?

‘கிடுக்கி’ மூடிய வகைக்கு மட்டும் ஒத்துவரும். கால்கள் எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கும்போது கிடுக்கிதான். கால்கள் பிரிந்து, பாதங்கள் எதிராளியின் இடுப்பிலும் கைமடிப்பிலும் ஊன்றி நிற்கும்போது அதில் கிடுக்கி எங்கே இருக்கிறது? ‘காலரண்’ எனக்குப் பிடித்திருந்தது, எழுதிப் பார்க்கும் வரை. சட்டைக் காலரைப் பிடித்தே பாதி ஆட்டம் நடக்கிற விளையாட்டில் ‘காலரண்’ என்று எழுதினால் எல்லாரும் ‘காலர்’ என்று படித்துவிட்டு அப்புறம் திரும்பி வருவார்கள்.

எனவே வெறும் ‘அரண்’ போதும் என்பது என் வாக்கு. கால் என்று சொல்லாவிட்டால் என்ன, கைகளால் அரண் கட்டும் வழக்கம் இந்த விளையாட்டில் இல்லை. இதன் பெரிய வசதி, குடும்பம் முழுவதும் தானாக வந்துவிடுகிறது: மூடிய அரண், திறந்த அரண், சிலந்தி அரண், பட்டாம்பூச்சி அரண். டி லா ஹிவா அரண் ஒரு வீரரின் பெயரால் வந்தது, அதை அப்படியே விடலாம். எதிராளியின் ஒரு காலை மட்டும் சிக்கவைக்கும் வகைக்கு ‘அரையரண்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அரை என்றால் இடுப்பும்தானே (அரைஞாண் கட்டும் ஊர் நம்முடையது). இடுப்பைச் சுற்றுவது மூடிய அரண் ஆயிற்றே என்று யாராவது கேட்பார்கள். ‘பாதியரண்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

எதிராளியின் கால்களைத் தாண்டிப் போய்ப் பக்கவாட்டில் படிந்தால் 3 புள்ளி. இதற்கு ‘அரண் கடத்தல்’ என்று எழுதாதீர்கள், தங்கக் கடத்தல் மாதிரி இருக்கிறது. ‘அரண்கடப்பு’ போதும். நின்றுகொண்டிருப்பவர் தானாகவே தரையில் அமர்ந்து எதிராளியைத் தன் கால்களுக்கிடையே கொண்டுவருவதற்கு ‘அரணுக்கிழுப்பு’. இதற்குப் புள்ளி கிடையாது, அதையும் தாளில் ஒரு வரி எழுத வேண்டும். பார்ப்பவர்கள் அதைத் தோற்று விழுந்ததாகவே எண்ணுகிறார்கள்.

> அரண் என்று வந்துவிட்டால் புறத்திணையே இருக்கிறதே! அரணை முற்றுவோன் உழிஞை சூடுவான், காப்போன் நொச்சி சூடுவான். கடப்புக்கு உழிஞை, காப்புக்கு நொச்சி!

இந்த மடலைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், மறுக்க மனமே வரவில்லை. “அவன் நொச்சி பலமானவன்” என்று பயிற்சிக்கூடத்தில் சொல்லிப் பார்க்கவும் ஆசைதான். ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு விளக்கத்தாள் கொடுக்க வேண்டிவரும். ‘அரண்காப்பு’ என்றே இருக்கட்டும். யாராவது கூடம் திறந்தால் நொச்சி என்று பெயர் வைக்கலாம்.

இனி ஸ்வீப். இதில்தான் எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு.

> ‘கால்வாரல்’ – காலை வாரிவிடுதல் என்ற வழக்கு இருக்கும்போது புதிதாக ஏன்?

அருமையான சொல், இடம்தான் தவறு. நின்று சண்டையிடும்போது எதிராளியின் காலைத் தட்டிவிட்டு வீழ்த்துவது கால்வாரல். அது ‘வீழ்த்தல்’ கணக்கில் சேரும், 2 புள்ளி. நாம் பேசும் ஸ்வீப் என்பது, கீழே அரண் வைத்திருப்பவர் மேலே இருப்பவரைக் கவிழ்த்துத் தான் மேலே வருவது. அதற்கும் 2 புள்ளிதான், ஆனால் வேறு கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது அவர்கள் பாடு. பிரேசில்காரர்கள் பெருக்குவதைப் பற்றிப் பேசவே இல்லை. அவர்கள் சொல் ‘ஹஸ்பாஜெம்’, அதாவது சுரண்டல். ‘துடைப்பு’ என்று எழுதிய நண்பர் மன்னிக்க.

என் பரிந்துரை ‘கவிழ்ப்பு’. ‘புரட்டல்’ என்பதையும் கேட்டார்கள். அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், தேவை இருக்கிறது. ஒருவர் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது கீழே இருப்பவர் உந்தி உருண்டு மேலே வந்துவிட்டால், பார்க்க ஸ்வீப் போலவே இருக்கும். ஆனால் புள்ளி இல்லை, ஏனென்றால் அது அரணிலிருந்து தொடங்கவில்லை. படிக்கட்டிலிருந்து நடுவரைத் திட்டும் குரல் பெரும்பாலும் இங்கேதான் எழும். அரணிலிருந்து வந்தால் கவிழ்ப்பு, மற்றபடி புரட்டல் என்று பிரித்துவிட்டால் நடுவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கவிழ்த்தவுடனே புள்ளி விழாது. அந்த நிலையை 3 விநாடி பிடித்து நிறுத்த வேண்டும். வீழ்த்தல், கடப்பு எல்லாவற்றுக்கும் இதுவே விதி. இதற்கு ‘நிலைப்பு’ என்று ஒரு சொல் வைத்தால், “கவிழ்த்தான், நிலைக்கவில்லை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

> புறநானூறு 80-ஐப் பார்க்கவும். ஆமூர் மல்லனோடு பொருத கோப்பெருநற்கிள்ளி மார்பில் ஒரு காலை வைத்து அழுத்துகிறான். இது அந்த வயிற்றில் முட்டி வைக்கும் நிலைதானே?

இப்படி ஒரு சான்றை இந்த இழையில் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் அதை ‘நீ ஆன் பெல்லி’ என்பார்கள்; வயிறு என்பது அந்தப் பெயரில்தான். விதியில் முழங்கால் வயிற்றில் இருந்தாலும் மார்பில் இருந்தாலும் விலாவில் இருந்தாலும் 2 புள்ளி. ஆக, சாத்தந்தையார் பாடிய அந்தக் காலுக்குப் புள்ளி உண்டு, மற்றொரு கால் சரியாக நின்றிருந்தால். ஆனால் ‘முட்டியூன்றல்’ வேண்டாம். இலங்கைத் தமிழருக்கு முட்டி என்றால் தயிர்ப்பானை, வேறு சிலருக்குக் கைமுட்டி. ‘முழங்கால் ஊன்றல்’ என்றால் யாருக்கும் ஐயமில்லை. நெஞ்சில் ஏறி உட்காருவதற்கு ‘மேலேற்றம்’, முதுகைப் பிடித்துக் கால்களைக் கொக்கியாகப் போடுவதற்கு ‘முதுகேற்றம்’. இரண்டுக்கும் 4 புள்ளி.

சப்மிஷன் என்பது, கழுத்தை நெரித்தோ கையை மடக்கியோ எதிராளியைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது. அதற்கு ‘சரணடைவு’, ‘பணிவு’ என்றெல்லாம் வந்திருக்கின்றன. ஆங்கிலம் தோற்றவர் பக்கம் நின்று சொல்கிறது. போர்த்துக்கீசியத்தில் ‘ஃபினலிசசாவ்ங்’, முடித்துவைத்தல். வென்றவர் பக்கம் நின்ற சொல். நான் இரண்டையும் எடுத்துக்கொள்வேன்: பிடித்தவர் செய்தது ‘முடிப்பு’, பிடிபட்டவர் செய்தது ‘தட்டல்’. “முடிச்சிட்டான்”, “தட்டிட்டான்” என்று பிள்ளைகள் ஏற்கெனவே அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஓபன் என்ற சொல் மூன்று இடத்தில் வந்து மூன்று பொருள் தருகிறது. கவனிக்காமல் எல்லாவற்றையும் ‘திறந்த’ என்று மொழிபெயர்த்தால் தாள் படுத்துவிடும். பாஸ்டன் ஓபன், சிகாகோ ஓபன் என்று நகரப் பெயரோடு வருவது, தகுதிச்சுற்று இல்லாமல் யாரும் பதிந்து கலந்துகொள்ளும் போட்டி: ‘பொதுப்போட்டி’. எடை பார்க்காமல் எல்லாரையும் மோதவிடும் பிரிவு, பிரேசிலில் ‘அப்சொலுட்டு’: ‘எடையிலிப் பிரிவு’. அப்புறம் திறந்த அரண். அது மட்டும்தான் நிஜமாகவே திறந்தது.

மாஸ்டர் பிரிவை ‘ஆசான் பிரிவு’ ஆக்கிய நண்பருக்கு: அது வயதுப் பிரிவு. 30 ஆகிவிட்டால் மாஸ்டர் 1-இல் பதியலாம். நேற்றுச் சேர்ந்த 31 வயது வெள்ளைப் பட்டைக்காரரை ஆசான் என்று அழைத்தால் அவரே கூச்சப்படுவார். ‘மூத்தோர் 1’, ‘மூத்தோர் 2’ என்று போகலாம்.

எடைப் பெயர்களில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. ஆண்கள் பிரிவில் சட்டையோடு சேர்த்து 57.5 கிலோ வரை ‘காலு’, சேவல். நமக்குச் சிக்கலே இல்லை, சேவல் எடை. அடுத்து 64 வரை ‘ப்ளூமா’, 70 வரை ‘பெனா’. போர்த்துக்கீசியத்தில் இரண்டுமே இறகு. ஆங்கிலத்தார் லைட்-ஃபெதர், ஃபெதர் என்று ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். நம்மிடம் தூவி இருக்கிறது! அன்னத்தின் மெல்லிறகு. ஆகவே தூவி எடை, இறகு எடை. எடை பார்ப்பது முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு தடவை. கூடினால் அங்கேயே வெளியேற்றம், ஓடி வியர்த்துவிட்டுத் திரும்பி வர வாய்ப்பில்லை. இதைத் தாளில் தடித்த எழுத்தில் போட வேண்டும். காலை உணவுக்கு இட்லி கட்டிக்கொண்டு வருபவர்கள் நாம்.

பெயர் கூப்பிடும்வரை வீரர்களை நிறுத்தி வைக்கும் கம்பித்தடுப்பை ஆங்கிலத்தில் ‘புல்பென்’ என்று மாட்டுத்தொழுவப் பெயரால் அழைக்கிறார்கள். ‘வாடிவாசல்’ என்று ஒருவர் போட்டார், கூட்டத்தில் கைதட்டல். நான் ‘வாடி’ என்று சுருக்குகிறேன். மரவாடி, மீன்வாடி இருப்பதுபோல் இதுவும் ஒரு வாடி.

நடுவரின் கூப்பாடுகளை மொழிபெயர்க்க வேண்டாம். ‘கொம்பாச்சி’ என்றால் தொடங்கு, ‘பரோ’ என்றால் நிறுத்து. டொராண்டோவிலும் டோக்கியோவிலும் அப்படித்தான் கத்துவார்கள். பிள்ளையின் காதில் விழப்போவது அந்தச் சத்தம்தான். தமிழில் பொருள் சொல்லிவிட்டு ஒலியை அப்படியே விட்டுவிடலாம். வேலை செய்யாமல் பிடித்துக்கொண்டு கிடப்பதற்கு மட்டும் ‘இழுத்தடிப்பு’ என்று எழுதியிருக்கிறேன், அதைவிடப் பொருத்தமான சொல் இருப்பதாகத் தெரியவில்லை. இழுத்தடித்தால் நடுவர் தண்டம் போடுவார்: இரண்டாம் தண்டத்துக்கு எதிராளிக்கு ஒரு அட்வான்டேஜ், மூன்றாவதுக்கு 2 புள்ளி, நான்காவதுக்கு வெளியேற்றம்.

அந்த அட்வான்டேஜில்தான் நிற்கிறோம். கவிழ்ப்போ கடப்போ கிட்டத்தட்ட ஆகிவிட்டது, 3 விநாடி நிலைக்கவில்லை; அல்லது கழுத்து நெரிபட்டு எதிராளி உண்மையிலேயே ஆபத்தில் இருந்து தப்பினார். அப்போது கிடைப்பது இது. புள்ளிகள் சமமாக இருந்தால்தான் இதை எண்ணுவார்கள். ‘சாதகம்’ வேண்டாம், ஜாதகத்தையும் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘முன்னிலை’ என்றால் ஆட்டத்தில் முந்தியிருக்கிறார் என்று பொருள்படும்; அட்வான்டேஜ் மூன்று வாங்கியும் புள்ளியில் பின்தங்கியிருக்கலாம். ‘எட்டுப்புள்ளி’ என்று எழுதியவர் எட்டிப்பிடிப்பதை நினைத்திருப்பார், படிப்பவர் எட்டை எண்ணிக் கூட்டுவார். ‘புள்ளி’ என்ற சொல்லே இதில் ஒட்டக் கூடாது, ஒட்டினால் மொத்தத்தில் சேர்த்துவிடுவார்கள்.

‘அனுகூலம்’ எல்லாருக்கும் தெரிந்த சொல், வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ‘முயல்வு’ தூய சொல்தான். ஆனால் வெறும் முயற்சிக்கு எதுவும் கிடைக்காது, பலிக்கவிருந்த முயற்சிக்குத்தான் கிடைக்கும். எனக்கு ‘நெருக்கம்’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் கட்டிப்பிடித்து உருளும் விளையாட்டில் “இவருக்கு இரண்டு நெருக்கம்” என்று எழுதினால் தாத்தா என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. வேறு யாருக்காவது நல்ல சொல் பட்டால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் ‘அனுகூலம்’ என்று போட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்.