இளவேனிலை அன்றாடப் பேச்சில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பெரும்பொழுதுகள் எனப்படும் ஆண்டின் ஆறு பருவங்களையும் நடத்தி முடித்து, 'இளவேனில்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் "இளவேனில் ஒரு காலம்" என்று எழுதி நிறுத்திவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்கிறது இலக்கணம். அந்த மாதங்களில் வெயில் கொளுத்துகிறது. நாமே கோடை என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் எங்கள் பள்ளி வாசலில் புங்கமரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடுகிறது, வேம்பு பூக்கிறது, விடியுமுன்பே குயில் கூவுகிறது. பருவம் கண்முன் நிற்கிறது, சொல்தான் வாயில் வருவதில்லை.

'வசந்தம்' பழகிய சொல்தான். ஆனால் "வாழ்வில் வசந்தம் வீசியது" என்று உருவகமாகவே வருகிறது. கோயில்களின் வசந்த மண்டபத்தையும் வசந்த உற்சவத்தையும் விட்டால் பருவத்தைக் குறிப்பது அரிது. 'இளவேனிலில்' என்றால் நாக்கு இடறுகிறது, 'இளவேனிற்காலத்தில்' என்றால் பாடநூல் வாசனை. "இளவேனில் வந்தால் எங்கள் வேம்பு பூக்கும்" என்பது மட்டுமே எனக்கு இயல்பாகப்பட்டது.

உங்கள் வீட்டிலோ வயலிலோ இந்தப் பருவத்துக்கு வேறு சொல் புழங்குகிறதா? தாத்தா பாட்டி சொன்ன வட்டார வழக்கானாலும் சரி. பத்து வயதுப் பிள்ளை தயங்காமல் பேசக்கூடிய இரண்டு வாக்கியங்களாவது எழுதி உதவுங்கள். ஊர்ப் பெயரையும் குறிப்பிட்டால் வகுப்பில் சொல்லிக் காட்டுவேன்.