எழுதிப் பார்க்க முடியாத பகா எண்ணின் இயல்புகளை எப்படி அறிகிறோம்?

கேள்வி (தேவிபட்டினம்)
வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணை, அதாவது 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதைப் பற்றிப் பேசியபோது, அதில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன என்றேன். உடனே ஒரு மாணவி, பக்கத்துக்கு 2,000 இலக்கம் எழுதினாலும் 20,513 பக்கம் வேண்டுமே, யாரும் முழுதாகப் படித்திராத எண்ணின் குணம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். ‘கணினி சொன்னது’ என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குப் புரியும் அளவில் விளக்க இயலுமா?

பதில் 1 (கீழக்கரை)
ஆசிரியருக்கு வணக்கம். இலக்கங்களை விட்டுவிட்டு அடுக்கைப் பார்த்தால், மீதிகளை வைத்துக் கணக்கிடும், பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதமே நிறையச் சொல்லிவிடும். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழல்கிறது. 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 ஆதலால் அந்த அடுக்கு 2-இலும், ஒன்று குறைந்த நம் எண் 1-இலும் முடியும். 9-ஆல் வகுத்தால் வரும் மீதியோ ஆறு அடுக்குக்கு ஒருமுறை சுழல்வது. நம் அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5. 2-இன் 5-ஆம் அடுக்கு 32. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 5. ஒன்றைக் கழிக்க 4. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தாலும் அதன் இலக்கங்களின் தொகையை 9-ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றே. ஆகவே நான்கு கோடி இலக்கங்களையும் கூட்டி, வந்த தொகையின் இலக்கங்களை மீண்டும் மீண்டும் கூட்டிக்கொண்டே போனால் இறுதியில் 4 தான் நிற்கும். (கடலுக்குள் நவபாஷாணம் உள்ள ஊர்க்காரருக்கு ஒன்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.)

பதில் 2 (தொண்டி)
136279841 என்பதே ஒரு பகா எண். அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண்தானே?

பதில் 3 (மண்டபம்)
இல்லை ஐயா. அடுக்கு பகா எண்ணாக இருப்பது கட்டாயம். ஆனால் அது மட்டும் போதாது. 11-ஆம் அடுக்கில் வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கியது. 67-ஆம் அடுக்கில் வருவதைப் பகா எண் என்றே பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் பட்டியலிட்டிருந்தார். அது பகு எண் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் காட்டியபோது அவர் கையில் ஒரு வகுத்திகூட இல்லை. கோல் அவற்றைக் கண்டுபிடித்தது 1903-இல். மாணவியின் கேள்விக்கு இதுவே நேரான விடை என்பேன்.

லூக்காஸ் வழியைப் பின்னர் லேமர் செப்பனிட்டார். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 7-ஆம் அடுக்கின் 127-க்கு 4, 14, 67, 42, 111, 0 என ஐந்தே படிகள். புதிய எண்ணுக்குப் படிகள் 13,62,79,839. கணினி வேண்டியிருந்தது அந்த உழைப்புக்குத்தான்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. நேற்று 2047-ஐ வகுப்பில் சோதித்தோம். ஒன்பதாம் படியில் 1736 வந்தது. கேள்வி கேட்ட மாணவி, 23-உம் 89-உம் தன் கண்ணில் படவே இல்லையே என்றாள்.