சிம்பல் பின் ஒன்று, ஃபுட்பிரிண்ட் பேட் வேறு: உங்களுக்கு நடந்தது என்ன?

கோவை_போர்டு
பம்ப் கன்ட்ரோலர், 40 போர்டு. 5 வோல்ட்டுக்கு 78எல்05 என்ற சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர். லைப்ரரியில் இருந்த, அதன் பெரிய அண்ணன் 7805-இன் சிம்பலையே (சர்க்யூட் படத்தில் வரும் குறி) எடுத்து டிஓ-92 ஃபுட்பிரிண்ட்டை (அந்தச் சின்ன மூன்று கால் உறைக்கு போர்டில் வரும் பேட்களின், அதாவது சால்டர் செய்யும் இடங்களின், அமைப்பு) மாட்டிவிட்டேன். 7805-இல் 1-ஆம் கால் இன்புட், 3-ஆம் கால் அவுட்புட். 78எல்05-இல் அப்படியே தலைகீழ். முதல் போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்துவிட்டு மைக்ரோகன்ட்ரோலர் மேல் விரலை வைத்தேன், சுட்டது. அந்தச் சூடு இன்னும் மறக்கவில்லை. நல்லவேளை, இரண்டிலும் நடுக்கால் கிரவுண்ட். மற்ற 39 போர்டிலும் ரெகுலேட்டரைக் கழற்றி, திருப்பி வைத்துச் சால்டர் செய்தோம். டிஆர்சி (போர்டு வரைபடத்தில் பிழை தேடும் சோதனை) ஒரு பிழைகூடக் காட்டவில்லை என்பதுதான் ஆறவில்லை.

ரிலேக்காரன்
டிஆர்சி மேல் குற்றம் இல்லை. சிம்பலில் பின் 1-இன் நெட் (இணைப்பு) பேட் 1-க்கு வந்ததா என்றுதான் அது பார்க்கும். எந்தக் கால் எது என்று சொல்லும் டேட்டாஷீட்டை நாம்தான் படிக்க வேண்டும்.

எனக்கு நடந்தது எஸ்ஓடி-23 என்ற குட்டி மூன்று கால் உறையில். சிம்பல் 2என்3904 ட்ரான்சிஸ்டர்: எமிட்டர், பேஸ், கலெக்டர் என்ற வரிசை. வாங்கியது அதன் குட்டி வடிவமான எம்எம்பிடி3904: அதில் 1 பேஸ், 2 எமிட்டர். 16 ரிலே, ஒன்றுகூட "டிக்" என்று அடிக்கவில்லை. ட்ரான்சிஸ்டரை மல்லாத்தினால் 1-உம் 2-உம் இடம் மாறும், 3 அங்கேயே இருக்கும். அப்படியே 16-ஐயும் கால் மேலே தூக்கியபடி லென்ஸ் வைத்து ஒட்டினேன். கழுத்து வலியோடு விடிந்தது.

பழைய_சால்டர்
டையோடை யாரும் சொல்லவில்லையே. போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டின் லைப்ரரியில் 1 கேத்தோடு, 2 ஆனோடு. நெட்டிலிருந்து இறக்கிய ஃபுட்பிரிண்டில் பேட் 1 ஆனோடு. எல்இடி எரியவில்லை, அவ்வளவுதான் என் கதை.

தம்பிகளா, ஒன்று செய்யுங்கள். போர்டை 1:1 அளவில் பேப்பரில் பிரின்ட் எடுத்து, பாகத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். டேட்டாஷீட் படம் மேலிருந்து பார்த்ததா, அடியிலிருந்து பார்த்ததா என்று கவனியுங்கள். பேட் பெயர் ஏ (ஆனோடு), கே (கேத்தோடு) என்றும் பின் 1, 2 என்றும் இருந்தால் பயமில்லை, பேட் கிடைக்கவில்லை என்று கீகேட்டே சொல்லிவிடும். எண் பொருந்தி அர்த்தம் மாறும்போதுதான் ஆபத்து. அப்புறம், கடையில் 2என்3904 இல்லை என்று பிசி547 என்ற இன்னொரு ட்ரான்சிஸ்டரை நீட்டினால் அப்படியே சொருகாதீர்கள். அதே டிஓ-92தான், ஆனால் எமிட்டரும் கலெக்டரும் எதிரெதிர்ப் பக்கம்.

கோவை_போர்டு
ஐயா, பேப்பரில் வைத்துப் பார்த்தேன். மூன்று காலும் துளை மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. எது இன்புட், எது அவுட்புட் என்று பேப்பரில் இல்லையே.