தமிழ் அடுக்கு ஏன் அசைய மாட்டேங்குது? தோட்டப் பட்டண நூலகங்களில் கண்டவை

அட்டவணை மேசை

மலேசியாவின் தோட்டப் பட்டண நூலகங்களில் அவரவர் மேசையிலிருந்து கண்டதை மாறி மாறிச் சொல்கிறோம். வருஷக் கடைசியில் இரவல் கணக்கு எடுத்தால் தமிழுக்கு நேரே சின்ன எண்தான் வரும். உடனே “இந்தியர்கள் படிக்கிறதில்லை” என்று முடிவு கட்டி, அடுத்த வருஷத் தமிழ் நூல் பணத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த எண் எப்படிச் சின்னதாகிறது என்று தெரிய வேண்டுமா? தேடல் கணினிக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி ‘பொழுது’ என்று தொடங்கும் தலைப்பைத் தேடுகிறாள். தமிழில் அடிக்கிறாள், ஒன்றும் வரவில்லை. ரோமன் எழுத்தில் ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடுகிறாள். இல்லை. ‘எல்’ போட்டும் இல்லை. பதிவில் இருப்பது எல்லுக்குக் கீழே கோடு இழுத்த நூலக ஒலிபெயர்ப்பு. கடைசி ‘து’வுக்கு அங்கே வெறும் ‘டி யூ’, அவள் அடித்தது ‘டி எச் யூ’. புத்தகம் அவள் முதுகுக்குப் பின்னால் ஆறடியில் இருக்கிறது. அவள் போய்விட்டாள், இரவல் கணக்கில் ஒன்று குறைந்தது.

சரிசெய்ய மூன்று வேலை. மார்க் பதிவில், அதாவது நூல் விவரத்தை எண் போட்ட கட்டங்களில் (புலங்களில்) வைக்கும் நூலகக் கணினிப் பதிவில், 245-ஆம் புலத்தில் ஒலிபெயர்ப்புத் தலைப்பு இருக்கட்டும். 880-ஆம் புலத்தில் அதையே தமிழ் எழுத்தில் போடுங்கள். இரண்டையும் துணைப்புலம் 6 சேர்த்துக் கட்டும்: 245-இல் ‘880-01’, 880-இல் ‘245-01’. ஆசிரியர் பெயருக்கு அதே மாதிரி 02. எல்லாவற்றுக்கும் 01 என்றே நகல் எடுத்து ஒட்டினால் தலைப்பும் பெயரும் மாறிக் கட்டிக்கொள்ளக்கூடும். மூன்றாவது, சனங்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கிற எழுத்துக்கூட்டை 246-ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பாகச் சேர்த்துவிடுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். தேடுகிறவர் எப்படி அடிப்பாரோ அப்படி.

இவ்வளவு செய்தும் கிடைக்காவிட்டால், மென்பொருள் 880-ஐச் சேமித்து வைத்துக்கொண்டு தேடல் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கும். எழுத்துக் குறியீடு வேறுபடுவதும் காரணமாக இருக்கலாம். அதை ‘கொ’ என்ற எழுத்தை வைத்துச் சோதிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தை இயக்கச் சொல்லி மென்பொருள்காரரிடம் கேளுங்கள். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்த பதிவுகளும் இருக்கும். திரையில் கோழி கிளறின மாதிரி தெரிந்தால் அதுதான். குறியீடு மாற்றியில் போட்டு எடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு கண் பார்த்தே ஆக வேண்டும்.

முன்மேசை

அட்டவணை மேசை அண்ணே சொன்ன தடையைத் தாண்டி புத்தகம் கையில் கிடைத்தாலும், அடுத்த தடை எங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பேர் உறுப்பினர் பாரம்.

குடிமக்களின் நீல ஐசி (அடையாள அட்டை) இருந்தால் இரண்டு நிமிஷ வேலை. நிரந்தர வாசியின் சிவப்பு ஐசி என்றால் குமாஸ்தா மேலிடத்தைக் கேட்கப் போவார். பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளை என்றால் பாரத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார். செம்பனையில் வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியர் நிலைமை இன்னும் மோசம். அவர்களில் பலருடைய பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கும், அவர்கள் கையில் இருக்காது. பாரத்தில் ‘ஜாமீன்தாரர்’ கட்டம் வேறு. அதில் அரசாங்க உத்தியோகஸ்தர் கையெழுத்து கேட்டால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் குடும்பம் எங்கே போகும்?

நடைமுறையில் ஓடுகிற வழிகள் இவை. உள்ளே உட்கார்ந்து படிக்க எந்தப் பத்திரமும் கேட்காதீர்கள். பெயர் எழுதினால் போதும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் கடிதத்தை ஜாமீனாக ஏற்கலாம். அதுவும் கஷ்டமென்றால் பள்ளியின் பெயரில் மொத்த இரவல்: ஒரு பெட்டிக்கு 40 புத்தகம், ஒரு பள்ளித் தவணைக்கு ஒரு பெட்டி, வகுப்பாசிரியர் நோட்டில் எழுதிக் கொடுப்பார். ஒன்றிரண்டு காணாமல் போகும். அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் ஆசிரியர் பெட்டியைப் பூட்டி வைத்துவிடுவார்.

முகவரிக் கட்டத்தையும் பாருங்கள். லயத்தில் பல வீடுகளுக்குக் கடிதம் நேராக வராது, தோட்ட ஆபீஸுக்கு வந்து அங்கேயே கிடக்கும். தவணை தாண்டிய அறிவிப்பும் அப்படித்தான். அபராதம் நாளுக்கு 20 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று புத்தகம், இரண்டு வாரம்: 8 வெள்ளி 40 காசு. அறிவிப்பே பார்க்காத குடும்பம் இந்தத் தொகையைக் கேட்டதும் புத்தகத்தையும் திருப்பாது, நூலகப் பக்கமும் வராது. அபராதத்தை எடுத்துவிட்டு, ‘திருப்பும்வரை அடுத்த இரவல் கிடையாது’ என்று வைத்தால் புத்தகமாவது வீடு திரும்பும். அறிவிப்பைத் தமிழில், மலாயில் பேசிப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கும் புரியும்.

நேரம் பற்றி ஒரு வரி: ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு மத்தியானம் ஓய்வு, கடைத்தெருவில் வேலை செய்கிறவருக்கு ஆறு மணிக்கு மேல்தான். ஆள் வராத ஒரு காலையை மூடிவிட்டு, அதே நான்கு மணி நேரத்தை ஒரு மாலைக்கு மாற்றினால் கூடுதல் சம்பளம் தேவைப்படாது.

கட்டட மேற்பார்வை

வாசலில் இரண்டு படி. ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர், மொத்தம் 300. சரிவுப்பாதை 1-க்கு 12 என்பது கணக்கு, அப்படியானால் 3.6 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 1.5 மீட்டரில் முடித்துவிடுகிற குத்தகைக்காரர்கள் உண்டு. அது 1-க்கு 5. சக்கர நாற்காலி ஏறும்போது முன்சக்கரம் தூக்கிப் பின்னால் சாயும், இறங்கும்போது தள்ளுகிறவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நேராக இடம் இல்லாவிட்டால் ‘எல்’ வடிவில் திருப்புங்கள், திருப்பத்தில் 1.5 மீட்டர் சமதளம் விடுங்கள். கதவுக்கு முன்னும் அதே அளவு. கதவு சரிவின் மேல் வெளிப்பக்கமாகத் திறந்தால் சமதளம் இருந்தும் பயனில்லை.

பளபளப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். நம்மூர் சாயங்கால மழைக்கு அது சறுக்குமரம். கோடு கீறிய சிமெண்டே போதும். அப்புறம் மோட்டார் சைக்கிள். சரிவின் அடியில் நிழல் இருந்தால் அங்கேதான் நிறுத்துவார்கள். அதைத் தடுக்க சங்கிலி போட்டு, சாவியை மாடியில் வைத்திருக்கிற இடங்களும் உண்டு! சங்கிலிக்குப் பதில் 900 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குட்டைத் தூண். நாற்காலி நுழையும், மோட்டார் நிறுத்துகிறவருக்கு மனசு வராது.

உள்ளே அடுக்குகளுக்கு இடையே குறைந்தது 900 மில்லிமீட்டர், திரும்பும் இடத்தில் 1,500. மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 700 உயரம். தமிழ் அடுக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். பல இடங்களில் கடைசி மூலையில், தரையோடு ஒட்டிய தட்டில். தாத்தா பாட்டிகள் குனிந்து எடுப்பார்களா? 400-க்கும் 1,200-க்கும் நடுவில் வைத்தால் நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர் இருவர் கைக்கும் எட்டும். மெல்லிய தமிழ் நூல்கள் பலவற்றுக்கு முதுகில் எழுத்தே கிடையாது, அவற்றை அட்டை தெரியும்படி நிறுத்துங்கள்.

ஓகேயு (மாற்றுத்திறனாளி) கழிவறையில் துடைப்பமும் பழைய நாற்காலியும் அடுக்கியிருந்தால், 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைச் சுவரில் ஒட்டி வைத்து என்ன பயன்?

கேட்டுப் படிப்பவர்களுக்காக

பார்வை இல்லாதவருக்கு ‘பிரெய்ல் வாங்கி வையுங்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். தமிழ் பிரெய்ல், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறையைச் சேர்ந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும் பிரெய்ல் படித்து வளர்ந்தவருக்குத் தமிழ்ப் புள்ளிகள் பழக்கமில்லாமல் இருக்கலாம். முதலில் அவரையே கேளுங்கள். பலர் கைபேசியில் கேட்பதைத்தான் விரும்புகிறார்கள்.

நூலகக் கணினியில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானை இலவசமாக நிறுவலாம். கூட வரும் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், வேகத்தைக் குறைத்துப் பழக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் தமிழ்க் குரல் காதுக்கு இதம். குரல் எது நன்றாக இருந்தாலும் கோப்பு படமாக இருந்தால் ஒரு சொல்லும் வராது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாம் படம்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் ஓட்டுங்கள். ‘ர’வும் துணைக்காலும் (ா) மாறும், ‘ன’ ‘ண’ குழம்பும். பழைய எழுத்துவடிவ நூல் என்றால், அதாவது ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்டு அச்சிட்டது, திருத்த இரண்டு மடங்கு நேரம் ஆகும். தமிழ்நாட்டின் 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய பதிப்புகளை இந்தக் காரணத்துக்காகவே தனியாகப் பிரித்து வையுங்கள்.

பதிப்புரிமைக்குப் பயந்து கையைக் கட்டிக்கொள்கிறார்கள். அச்சைப் படிக்க இயலாதவருக்காக அணுகத்தக்க பிரதி செய்ய இடம் தரும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் வந்தது, மலேசியா 2022-இல் சேர்ந்தது. யாருக்குப் பிரதி கொடுத்தோம் என்ற பதிவேடு வைத்து, அதை மற்றவருக்குப் பரப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பார்வை உள்ள பெரியவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பத்திரிகை வாசிக்க வரும் தாத்தா தாளைச் சன்னல் பக்கம் சாய்த்து, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் வரியை அழுத்திக்கொண்டே போவார். மேசை விளக்கும் கைப்பிடி உருப்பெருக்கியும் கொடுத்தால் அரைப்பக்கம் படிக்கிறவர் முழுப்பக்கம் படிப்பார். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றது. மிச்சமுள்ள நாளிதழ்களையாவது காலையிலேயே மேசைக்குக் கொண்டுவாருங்கள். மத்தியானம் வந்தால் அது பழைய பேப்பர்.

முன்மேசை

ஒரு சேர்க்கை. பன்முகம் என்றால் ‘மலாய், சீனம், தமிழ்’ என்று மூன்று பலகை எழுதி முடித்துவிடுகிறோம். பேராக்கின் சுங்கை சிப்புட் உட்பகுதியில் தெமியார் மொழி பேசும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தும், மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து தெரியாத நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் மலாயும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள படக்கதை வேண்டும். ‘தமிழ் தெரியாதா?’ என்று முன்மேசையில் கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

அட்டவணை மேசை

கணக்குக்கு வருகிறேன். இரவல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போகாமல் உள்ளேயே படிப்பவர்கள்தான் இங்கே அதிகம். ‘படித்ததை அடுக்கில் வைக்காதீர்கள், மேசையில் விடுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். மாலையில் அடுக்குமுன் ஒவ்வொன்றின் பட்டைக்கோட்டையும் ‘உள்பயன்பாடு’ என்ற வகையில் ஸ்கேன் செய்தால் போதும். நாளிதழுக்குப் பட்டைக்கோடு இருக்காது. ஓர் அட்டையில் கோடு அச்சடித்து மேசையில் ஒட்டி, ஒரு வாசகருக்கு ஒரு தடவை அதைத் தட்டுங்கள். ஒருவரே மூன்று நாளிதழ் புரட்டினாலும் ஒன்றுதான், இல்லாவிட்டால் மேலிடம் நம்பாது. தேடி ஒன்றும் கிடைக்காத சொற்களையும் மென்பொருளிலிருந்து மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். அடுத்த 246-க்கு எதைச் சேர்ப்பது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.