ஹாம்பர்க் மினியாட்டூர் வுண்டர்லாண்ட்: ரெண்டு மணி நேரம் போதுமா?

மலர்_ஹனோவர்:
வணக்கம் மக்களே. அப்பா ஊர்லேர்ந்து வந்திருக்காரு, ரயில்வேல சிக்னல் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. சனிக்கிழமை அவரையும் அஞ்சு வயசு பையனையும் கூட்டிட்டு ஹாம்பர்க்ல மினியாட்டூர் வுண்டர்லாண்ட் போறோம், குட்டி ரயில், குட்டி ஊருன்னு செஞ்சு வச்சிருக்கற பெரிய மாடல் கண்காட்சி. வீட்டுக்காரர் "பொம்மை ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் தாராளம், அப்புறம் போட்ல சுத்தலாம்"ங்கறார். பையன் வேற சீக்கிரம் நச்சரிக்க ஆரம்பிச்சிடுவான். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

கூட்ஸ்_வண்டி:
ரெண்டு மணி நேரமா!! நாங்க காலைல பத்து மணிக்கு உள்ள போனவங்க மூணரைக்கு வெளிய வந்தோம், அதுவும் பசி தாங்காம. தண்டவாளம் மட்டுமே 16 கிலோமீட்டர், ஸ்கேல் 1:87, நிஜத்துல 87ல ஒரு பங்கு, அதாவது ஆள் பொம்மை ரெண்டு சென்டிமீட்டர்தான், அந்த மாதிரி ரெண்டரை லட்சத்துக்கு மேல நிக்குது. கால் மணி நேரம்தான் அங்க ஒரு நாள். லைட் மங்கி ராத்திரி ஆகறப்போ வீடு வீடா ஜன்னல்ல விளக்கு எரியும் பாருங்க, அப்போ ஒரு ஜன்னலுக்குள்ள குனிஞ்சு பாத்துட்டே நின்னதுல என் பொண்ணு எங்க போனான்னே தெரியல. உள்ள இருக்கற குட்டி ஏர்போர்ட்ட கடைசில வச்சுக்காதீங்க. 2011ல திறந்தது, க்னுஃபிங்கன்னு கற்பனை ஊர், பிளேன் தானா ஊர்ந்து போய் ரன்வேல ஓடி மேல ஏறி சுவத்துக்குள்ள மறையும். என் மக அங்கேயே ஒரு மணி நேரம்.

ஸ்டுட்கார்ட்_சித்தப்பு:
ஆன்லைன்ல டைம் போட்டு டிக்கெட் எடுத்துடுங்க, சனிக்கிழமை சும்மா போய் நிக்காதீங்க, நான் நின்னேன், தப்பு என்னோடதுதான். யூ3 ட்ரெயின்ல பாம்வால் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம். பையனுக்கு: உள்ள சுவிட்சர்லாந்து மாதிரி செஞ்சிருக்கற பகுதில ஒரு குட்டி சாக்லேட் ஃபேக்டரி இருக்கு, பட்டன அமுக்கினா நிஜ சாக்லேட் வரும். எங்க வீட்டு வாலு மூணு தடவ லைன்ல நின்னுச்சு 😄 மத்த எடத்துலயும் பட்டன் நெறைய, அவன் கைக்கு வேல இருந்துட்டே இருக்கும்.

கூட்ஸ்_வண்டி:
சாக்லேட்ட மறந்தே போய்ட்டேன். அப்பாவுக்கு ஒண்ணு சொல்லணும், கன்ட்ரோல் ரூம். கண்ணு முன்னாடியே வரிசையா மானிட்டர் வச்சு உக்காந்திருப்பாங்க, ஆயிரம் ரயிலுக்கு மேல கம்ப்யூட்டர்தான் ஓட்டுது, எங்கயாவது தடம் புரண்டா ஆள் போய் கையால எடுத்து வைக்கணும். ரோட்ல ஓடற லாரிக்கும் சூட்சுமம் இருக்கு, ரோட்டுக்கு அடில கம்பி, வண்டி முன் சக்கரத்துகிட்ட காந்தம், அது கம்பிய புடிச்சுட்டே திரும்பும். இத்தனையும் ஆரம்பிச்சது டிஸ்கோ நடத்திட்டிருந்த இரட்டை அண்ணன் தம்பி, 2000ல ஒருத்தர் சூரிச்ல ஒரு பொம்மை ரயில் கடைய பாத்துட்டு இன்னொருத்தருக்கு போன் போட்டாராம், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல திறந்துட்டாங்க.

மலர்_ஹனோவர்:
ரொம்ப நன்றிங்க! அப்பாகிட்ட படிச்சு காட்டினேன், "தடம் புரண்டா ரிப்போர்ட் யார் எழுதறது"ன்னு கேக்கறாரு. போட் கேன்சல்.